தமிழ்ப் பிள்ளையை மாற்றவும்

போக்கர் சீட்டு விளையாட வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் மனேஜருக்குத் தெரியவில்லை. விட்பி நகரப் பக்கம் எங்கள் போக்கர் அறை திறந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. அதனால் வாசலில், கோட் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெட்டியும் கொஞ்சம் படிவங்களும் வைத்தாள். “இந்த அறையில் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று மேலே ஒரு கேள்வி. கீழே எழுதுவதற்குக் கோடுகள்.

என்னைக் கேட்டிருந்தால் பெட்டியே வேண்டாம் என்றிருப்பேன். டீலராக மேசையின் நடுவில் இருந்து நாள் முழுக்கக் காட்ஸ் போடுகிறவளுக்குத் தெரியாததா? முதுகு நோகாத கதிரை வேண்டும். பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் பிடிக்காது. தேநீர் உண்மையிலேயே சூடாக இருக்க வேண்டும். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கிறவனை யாராவது அடக்க வேண்டும். டீலர் வாயை மூடிக்கொண்டு கையை வேகமாக அசைக்க வேண்டும். கடைசி இரண்டும் என் பொறுப்பு. இரண்டையும் நான் நன்றாகவே செய்தேன் என்று யார் கேட்டாலும் சொல்லுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கதவு திறக்குமுன் மனேஜர் பெட்டியைத் திறந்து படிவங்களை மேசையில் பரப்பினாள். நாங்கள் எட்டு டீலர்களும் சுற்றி நின்றோம். அவள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். முகத்துக்கு நேரே பேசுவாள். ஆனால் வாடிக்கையாளர் ஒன்று சொல்லிவிட்டால் அதுதான் அவளுக்கு வேதவாக்கு. மூன்று மாதத் தவணை முடிய எட்டுப் பேரில் ஐந்து பேரைத்தான் வைத்திருப்பேன், யாருடைய மேசை நிரம்புகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

படிவங்களுக்குள் ஒன்று தமிழில் இருந்தது. அவள் அதை ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இது உங்கள் மொழிதானே? வியாழக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் எழுதித் தருவீர்களா?” என்று கேட்டாள்.

நான் அங்கேயே வாசித்தேன். அழகான, உருண்டையான கையெழுத்து.

“இங்கு காட்ஸ் போடும் தமிழ்ப் பிள்ளையைத் தயவுசெய்து மாற்றவும். எங்கள் ஆட்கள் வந்து இருப்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். மற்றப்படி எல்லாம் திருப்தி. தேநீர் நன்று.”

தமிழ்ப் பிள்ளை நான்தான். வயது நாற்பத்தெட்டு.

அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னை வெளியே அனுப்பச் சொல்லும் கடிதம் என் கைக்குத்தான் வந்து சேரும் என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களால் மட்டும்தான் இப்படிச் செய்ய முடியும். தமிழில் எழுதினால் வெளியாருக்கு விளங்காது, மானம் போகாது. ஆனால் அந்த வெளியாரே அதை வாசித்துக் காரியத்தை முடித்துத் தரவும் வேண்டும். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

நான் விளையாட்டாக இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பதினாலு வருசம் மல்வேர்னில் இருக்கிற வீட்டிலிருந்து பிறம்ரனுக்கு வேலைக்குக் கார் ஓடினேன். அங்கே ஒரு வெயார்ஹவுஸில் பெட்டிகளுக்கு ஸ்ரிக்கர் ஒட்டினேன், பிறகு ஸ்ரிக்கர் ஒட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டேன். பனி கொட்டுகிற நாட்களில் போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். ஒருநாள் அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் வந்தது. எங்களுக்கு ஒரு கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் காட்ஸ் போடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே எல்லாரும் என் பிள்ளைகள் வயதுக்காரர்.

முதல் நாளே அவமானப்பட்டேன். போக்கரில் காட்ஸை டீலருக்கு இடது பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டு போக வேண்டும். என் கை வலது பக்கம் போனது. திருத்தினார்கள். மறுபடியும் வலது பக்கம் போனது. பதினாறு வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்து பேஸ்மென்ரில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிய கை அது. அந்த விளையாட்டு வலது பக்கமாகத்தான் சுற்றும், ஜே, அதாவது ஜாக்தான் ஆகப் பெரிய காட், ராணியை விடவும் பெரியது. நாலு பேர் வேண்டும். மூன்று ஆம்பிளைகள் மட்டும் வந்திருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நாலாவது ஆள் வந்ததும் என் காட்ஸை அவரிடம் கொடுத்துவிட்டு நான் மேலே போய்த் தேத்தண்ணி போட வேண்டும். அப்போது என் கையில் எவ்வளவு நல்ல காட்ஸ் இருந்தாலும் சரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போகத் தேவையும் இல்லை. வகுப்பில் இடது பக்கம் பழக எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. பிறகு அந்த வகுப்பில் என்னைவிட வேகமாகப் போட ஆள் இருக்கவில்லை.

புதிய அறையில் எனக்குப் பகல் வேலை, பதினொரு மணியிலிருந்து ஏழு மணி வரை. ஆகச் சிறிய பந்தய மேசை. பகலில் வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்: ஓய்வு பெற்றவர்கள், இரவு வேலை முடித்துத் தூங்கி எழும்பினவர்கள், வீடு விற்கிறவர்கள். முதல் கிழமை அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? ஒருவர் கதவுவரை வந்து, என்னைக் கண்டதும் தவறான கடைக்குள் வந்துவிட்டவர்போலத் திரும்பிப் போனார். இன்னொருவர் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, என் மேசையில் இடம் இருக்கத்தக்கதாக அடுத்த மேசைக்குப் பெயர் கொடுத்துக் காத்துக்கொண்டு நின்றார். சீனர், பிலிப்பினோக்காரர், வெள்ளையர் எல்லாரும் பார்க்கலாம். நான் மட்டும் பார்க்கக் கூடாது. நான் பார்த்தால் அது மனைவிக்கும், சம்பந்திக்கும், கோயிலுக்கும் தெரிந்த மாதிரி.

கதவுவரை வந்து திரும்பியவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பைபிளிலிருந்து இரண்டாம் வாசகம் வாசிக்கிற அங்கிள். நல்ல குரல். அவர் வாசித்தால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். திரும்பிப் போனவர் மறுகிழமை வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலை மேசையில் இருந்தார். படிவத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டவரும் அவர்தான். போடும்போது நான் கண்டேன். தேநீர் கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதுகிறாராக்கும் என்றுதான் நினைத்தேன்.

அன்று இரவு படிவத்தைக் குசினி மேசையில் என் கணவருக்கு முன்னால் வைத்தேன். அவர் வீடுகளுக்கு ஹீற்றிங் பூட்டுகிறவர். களைத்து வந்து சோற்றில் கை வைத்திருந்தார். இரண்டு தரம் வாசித்தார்.

“தேத்தண்ணி நல்லம் எண்டு எழுதிக் குடும்,” என்றார்.

“மிச்சத்தை?”

“மிச்சத்தை விடும். நீர் பொய் சொல்லேல்லைத்தானே? தேத்தண்ணி நல்லம் எண்டு அதிலை கிடக்குத்தானே.”

“அப்ப நானும் அவையோடை சேந்து ஒளிக்கிறன் எண்டெல்லோ வரும்?”

அவர் சோற்றைக் குழைத்தபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “நீரும் ஒளிக்கிறனீர்தானே. கோயிலிலை கேட்டால் கஸ்ரமர் சேர்விஸ் எண்டுதானே சொல்லுறனீர்.”

சண்டை பிடிக்கத்தான் நான் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்திருந்தேன். பிடிக்க முடியவில்லை. உண்மைதான். ஆறு கிழமையாகக் கோயில் மண்டபத்தில் யார் கேட்டாலும் “கஸ்ரமர் சேர்விஸ், கிட்டத்தான்” என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். அங்கிள் எனக்கு முதுகைக் காட்டினார் என்று எரிந்த நான், என் வேலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் ரசத்தைச் சூடாக்க மறந்து அப்படியே ஊற்றினேன். அவர் ஆறின ரசத்தையே குடித்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, அந்த நாலு வரியையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதினேன். ‘பிள்ளை’ என்பதற்கு என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சிறுமி என்று வருகிற சொல்லையே போட்டேன். அங்கிள் எழுதினது அதுதான். கடைசியில் என் கையொப்பத்தையும் வைத்தேன்.

வியாழக்கிழமை மனேஜர் அதை வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள், திரும்பத் தாளைப் பார்த்தாள்.

“இது உங்களைப் பற்றியா?”

“என்னைப் பற்றித்தான்.”

“நீங்கள் வேறு ஏதாவது எழுதித் தந்திருக்கலாமே. எனக்குத் தெரிந்திருக்காது.”

“எனக்குத் தெரிந்திருக்கும்,” என்றேன்.

அவள் கதவைச் சாத்தினாள். நல்லவள்தான், எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தாள். பணத்துக்குப் பந்தயச் சிப் மாற்றிக் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது, அங்கே சிப்களை அடுக்கிக் கட்டும் வேலைக்கு ஆள் தேவை, சம்பளம் இதேதான் என்றாள். “அங்கே இருந்தால் உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லாருக்கும் வசதி.”

யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற அந்த ஒரு வார்த்தைக்கே என் காது சூடாகிவிட்டது. நான் இருந்த இடத்திலிருந்து எழும்பினேன்.

“அவர்கள் ஒளிக்க விரும்பினால் அவர்கள் ஒளிக்கட்டும். அவர்களுக்காக நான் ஒளிக்க மாட்டேன். நான் மேசையில்தான் இருப்பேன். முடிந்தால் வாசலுக்குக் கிட்ட உள்ள மேசையைத் தாருங்கள்.”

அவள் கோபப்படவில்லை. என் பகல் மேசையில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடப்பதை எடுத்துச் சொன்னாள். அதுவும் உண்மைதான். “இன்னும் இரண்டு கிழமை பார்க்கிறேன். மேசை நிரம்பாவிட்டால் அந்த ஐந்து பேருக்குள் உங்கள் பெயர் இருக்காது. அதற்கு மேல் என்னால் செய்ய முடியாது.” ஆனால் வாசலுக்குக் கிட்ட உள்ள மேசையைத் தந்தாள்.

அன்றே அங்கிள் வந்தார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இன்னொரு டீலர் வந்து மேசையை எடுப்பார், கொஞ்ச நேரம் ஓய்ந்துவிட்டு நாங்கள் எங்கள் மேசைக்குத் திரும்புவோம். என் ஓய்வு வந்ததும் நேரே தேநீர் இயந்திரத்தடிக்குப் போனேன். அவர் காகிதக் கோப்பையில் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டு நின்றார்.

“அங்கிள்,” என்றேன். “நீங்கள் எழுதின கடிதத்தை நான்தான் மொழிபெயர்த்தனான்.”

அவர் கலக்குவதை நிறுத்தினார். முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அதைக் கொஞ்ச நேரம் நான் நன்றாகவே அனுபவித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

“ஐயோ பிள்ளை,” என்றார். “நான் உம்மை நினைச்சு எழுதேல்லை. ஒண்டும் மனசிலை வைச்சிராதையும்.”

“என்னைத்தானே எழுதினனீங்கள். வேறை ஆர் இஞ்சை தமிழ்ப் பிள்ளை?”

“என்ரை மனுசிக்குத் தெரியாது பிள்ளை. செவ்வாயும் வியாழனும் லைபிரரிக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வாறனான். உம்மைக் கண்டாப்பிறகு காட்ஸிலை மனம் போகுதில்லை. நீர் அவவிட்டை ஒரு வார்த்தை சொன்னால் காணும், என்ரை கதை முடிஞ்சுது.”

“ஆறு கிழமையா நான் ஆருக்கும் சொன்னனானோ?”

“இல்லை.”

“இனியும் சொல்லமாட்டன். அது என்ரை வேலை. ஆனால் நீங்கள் வெக்கப்படுறதுக்காக நான் வேலையை விட்டிட்டுப் போகவும் மாட்டன் அங்கிள். உங்களுக்கு என்னைப் பாக்கக் கூச்சமெண்டால் கண்ணை மூடிக்கொண்டு விளையாடுங்கோ.”

பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். அவர் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு, அன்று ஒரு கை விளையாடாமலே வெளியே போனார். பார்க்கிங்கில் காருக்குள் வெகு நேரம் இருந்தார். வீட்டுக்குப் போக இன்னும் நேரமாகவில்லை என்று இருந்திருப்பார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் நான் பதினாறு வயதில் காட்ஸைக் கீழே வைத்துவிட்டு மேலே போனேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் பொரித்த ரோல்ஸும். அங்கிளின் மனைவி செய்கிற ரோல்ஸ் எங்கள் கோயிலில் பேர் போனது. அந்த அன்ரி தட்டை நீட்டியபடி எல்லாரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்கள், கொஞ்சம் தள்ளி என் கணவர். சுவரோடு அங்கிள்.

“நீர் இப்ப எங்கை பிள்ளை வேலை?” என்று அன்ரி கேட்டார். “பிறம்ரனை விட்டிட்டீராமே?”

‘கஸ்ரமர்’ என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“விட்பிப் பக்கம் புதுசாத் திறந்த போக்கர் அறையிலை காட்ஸ் போடுறன் அன்ரி. பகலிலை வாசல் மேசை என்ரைதான்.”

நான் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. அன்ரியின் கையில் தட்டு அப்படியே நின்றது. என் கணவர் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். நான் அங்கிள் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் அதுவே காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்று கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

“அது சூது எல்லே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஓம், சூதுதான். வரக்கூடாத ஆக்களும் வருகினம். ஒருத்தற்றை கை நடுங்கிறதைக் கண்டால் நான் மனேஜருக்குச் சொல்லுறன். ஆனால் நான் சூதாடேல்லை. நான் காட்ஸ் போடுறன், சரியாப் போடுறன். என்னைவிடச் சரியாப் போட அங்கை ஒருத்தரும் இல்லை.”

அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “அங்கை பொம்பிளையளும் விளையாடுறவையோ?” என்று கேட்டார். விளையாடலாம், பத்தொன்பது வயதாகியிருந்தால் போதும் என்றேன். “அந்த வயசு எனக்குக் காணும்,” என்று சொல்லிவிட்டு என் கையில் இரண்டு ரோல்ஸை வைத்துவிட்டுப் போனார்.

காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, “சொல்லத்தான் வேணுமோ?” என்றார் என் கணவர். “ஓம்,” என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிடிக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு என் மேசையில் மூன்று பேர். ஒரு மணிக்கும் மூன்று பேர்தான். மனேஜர் இரண்டு தரம் அந்தப் பக்கம் நடந்து போனாள். இரண்டு தரமும் கதிரைகளை எண்ணினாள். மண்டபத்தில் நான் காட்டிய வீரத்துக்கு இதுதான் கூலி, இனி எங்கள் ஆட்கள் ஒருவரும் இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. அன்ரி நின்றார். பின்னால் கோயிலில் பார்க்கிற வேறு மூன்று பெண்கள், தடித்த குளிர் கோட்டுகளோடு. ஒருவரும் முகத்தை மறைக்கவில்லை. நேரே என் மேசைக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே இருந்துகொண்டார்கள்.

“முன்னூற்றிநாலு எண்டால் ஆம்பிளையளை நான் நிக்க வைச்சு விளையாடுவன். உது எப்பிடியெண்டு ஒருக்காச் சொல்லும்,” என்றார் அன்ரி.

காட்ஸ் போட்டபிறகு மேசையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. அதனால் ஒவ்வொரு கை முடிந்ததும் அடுத்த கைக்கு இடையில் அவசர அவசரமாகத் தமிழில் விளக்கினேன். ஆளுக்கு இரண்டு காட், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அன்ரி விரைவாகவே பிடித்துக்கொண்டார். மூன்றாவது கையில் அவர் முகம் மலர்ந்தது. தன் முன்னால் இருந்த சிப் முழுவதையும் இரண்டு கைகளாலும் தள்ளினார். காட்டச் சொன்னபோது இரண்டு ஜேயை மேசையில் ஓங்கி அடித்தார். எதிரே இருந்த பிலிப்பினோக்காரர் அமைதியாக இரண்டு ராணிகளைத் திருப்பி வைத்தார்.

“ராணியிட்டை ஜே தோக்கிறதோ?” அன்ரிக்கு மூச்சு வாங்கியது. “உது என்ன நியாயம்?”

மற்ற மூன்று பெண்களும் அவருக்காக வழக்காடினார்கள். பிலிப்பினோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தவரை நான் அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. அன்ரி போய்க் கொஞ்சம் சிப் மாற்றிக்கொண்டு வந்து, பிடிவாதமாகத் திரும்ப இருந்தார். கை தொடங்குமுன் என் பக்கம் சாய்ந்தார்.

“பிள்ளை, ஒண்டு கேக்கிறன். எங்கடை இவர் இஞ்சை வாறவரோ?”

“ஆர் வாறது ஆர் போறது எண்டு டீலர் சொல்லக் கூடாது அன்ரி.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு அவர் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒன்றேமுக்கால் மணிக்கு அங்கிள் வந்தார். கதவைத் திறந்து, வழமைபோல என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு அடி எடுத்து வைத்தார். பிறகு என் மேசையைப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். வாசல் அவருக்குப் பின்னால், இரண்டே அடியில் இருந்தது. அன்ரியும் அவரைக் கண்டுவிட்டார்.

“நீங்கள் லைபிரரியிலை எல்லோ?” என்றார் அன்ரி.

அங்கிள் குளிர்த் தொப்பியைக் கழற்றினார். பூசையில் வாசிக்கப் போகுமுன் தொண்டையைச் செருமுவாரே, அப்படி ஒருமுறை செருமினார்.

“இல்லை. நான் செவ்வாயும் வியாழனும் இஞ்சைதான் வாறனான்.”

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு முன் மண்டபத்தில் நானும் அதைத்தான் சொல்லி முடித்திருந்தேன். முதல்தடவையாக அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கோபம் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தன.

“தெரியும்,” என்றார் அன்ரி. “லைபிரரிக்குப் போற மனிசன் ஒரு புத்தகமும் வீட்டை கொண்டு வாறேல்லை. எத்தினை கிழமையா நான் பாக்கிறன். ஏன் நிக்கிறியள்? இருங்கோ.”

அவர் இருந்தார். என் மேசையில், எனக்கு நேர் எதிரே. அதோடு எட்டுக் கதிரைகளும் நிரம்பின. கொஞ்சத்தில், முதல் கிழமை தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு என்னைத் தவிர்த்தவரும் மூலை மேசையிலிருந்து எழும்பி வந்து, இடம் காலியானால் தன்னைக் கூப்பிடச் சொல்லிப் பெயர் கொடுத்தார்.

ஒரு கை முடிந்த நேரம் மனேஜர் என்னை மாற்ற இன்னொரு டீலரோடு வந்தாள். என் அரை மணித்தியாலம் முடிந்திருந்தது. அந்தப் பெடியன் என் கதிரையில் கை வைத்ததும் அன்ரி சத்தம் போட்டார்.

“ஏன் இவவை எழுப்பிறியள்? எங்களுக்கு இவதான் வேணும். இவ எழும்பினால் நாங்களும் எழும்புவம்.”

மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். மனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ முறைப்பாடு என்று நினைத்துப் பதறி, என்னிடம் குனிந்தாள். “இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும்? என்ன சொல்கிறார்?”

என்னைப் பற்றின இன்னொரு கதையை நானே மொழிபெயர்ப்பதாக இல்லை. “அவர் சொல்லுவார்,” என்று அங்கிளைக் காட்டினேன்.

அங்கிளுக்கு ஆங்கிலம் எழுத வராது, பேச வரும். மேசை முழுக்க அவரைப் பார்த்தது. அவர் தன் சிப்களை ஒருமுறை நேராக அடுக்கினார்.

“ஷி வோண்ட்ஸ் திஸ் டீலர்,” என்று தன் மனைவிக்கு வேண்டியதைச் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனேஜரும் போதும் என்றுதான் தலையாட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். அந்த ஆறேழு கிழமையில் முதல் தடவையாக, நேராக, கண்ணைப் பார்த்தார்.

“மீ ரூ,” என்றார், தனக்கும் நான்தான் வேண்டும் என்று.

நான் சிரிக்கவில்லை. விதி விதிதான், மாற்ற வேண்டிய நேரத்தில் மாறத்தான் வேண்டும், அன்ரி எவ்வளவு சத்தம் போட்டாலும். மேசையை விட்டு எழும்பும் டீலர் இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கையை விரித்து, எதையும் ஒளித்துக்கொண்டு போகவில்லை என்று மேலே இருக்கிற கமராவுக்குக் காட்ட வேண்டும். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். கைகளை விரித்து, கமராவுக்கும் காட்டினேன், எங்கள் ஆட்களுக்கும் காட்டினேன். அரை மணித்தியாலத்தில் அதே மேசைக்குத் திரும்பி வந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.